பாதி திரும்பிய கைப்பிடி

"நான் வெச்சதையேதான் அவனும் வெச்சிருக்கான். என் படத்துல சிரிக்கிறாங்க. அவன் படத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஏன்?"

மகுடேஸ்வரன் உட்காராமலேயே கேட்டார்.

மணிமொழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க சார்."

படத்தொகுப்பு அறைகளில் அது வழக்கம். தூசி இயந்திரங்களுக்கு ஆகாது. மகுடேஸ்வரன் முப்பது வருடமாக இப்படிப்பட்ட அறைகளுக்குள் போய்வருகிறவர். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குத் தன் காலில் என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை.

வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்காகவும் ஒரு கோபம் வந்தது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எடுத்தது எல்லாம் திகில் படங்கள். இரண்டு ஓடவில்லை. மூன்றாவது முடிந்து, வெளிவராமல் இருந்தது. படத்தொகுப்பாளர் மணிமொழி அவரைவிடப் பத்து வயது சின்னவர். எடுத்தும் சரியாக அமையாத படத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர்கள் கடைசியாக ஏறுவது சாலிக்கிராமத்தில் அந்த டிபன் கடைக்கு மேலே இருந்த மாடிப்படிதான்.

"அவன்" என்றது சேவியரை. ஆறு வருடம் மகுடேஸ்வரனுக்கு உதவி இயக்குநராக இருந்தவன். அவருக்குக் குடை பிடித்தவன், கிளாப் அடித்தவன், திட்டு வாங்கியவன். அவனுடைய முதல் படம் இப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க சார்."

"குப்புராஜ் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமைக்குள்ள படம் தேறலைன்னா சேவியர்கிட்ட கொடுத்துச் சரிபண்ணச் சொல்லப்போறாராம். என் படத்தை. அவன் கையில."

"தயாரிப்பாளர் அப்படித்தான் சொல்லுவார். சேவியர் என்ன சொன்னார்?"

"இன்னும் பதில் சொல்லலையாம்."

"அப்போ ஒத்துக்கலையே."

"உடனே முடியாதுன்னு சொல்லலையே. அது என்ன மரியாதை?"

மணிமொழி நாற்காலியைத் திருப்பினார்.

"உங்க படத்துல என்னவெல்லாம் வெச்சீங்க?"

மகுடேஸ்வரன் விரல்களை மடக்கினார். "கரண்ட் போகுது. போன் அடிக்குது, எடுத்தா பேச்சில்லை. மொட்டை மாடிக் கதவு காத்துல அடிக்குது. பூனை குதிக்குது. மியூசிக் ஏறி ஏறி வந்து டப்புன்னு நிக்குது. கைப்பிடி மெதுவாத் திரும்புது. எதை விட்டேன்? சொல்லுங்க."

"எதையும் விடலை."

"பிறகு?"

"பிரிவியூவுல எங்கே சிரிச்சாங்க?"

"கைப்பிடி திரும்பும்போது."

மணிமொழி தலையாட்டினார்.

"சரி, நானே சொல்றேன்," என்றார் மகுடேஸ்வரன். "அவன் படத்தை வெட்டினது நீங்க. அதான் விஷயம். அது உங்க கை. அவன் பேர் வாங்கிட்டுப் போறான்."

"சார், உங்க படத்தையும் நான்தான் வெட்டினேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

*

அதற்கு முன்பே மகுடேஸ்வரன் சேவியரின் படத்தைத் தியேட்டரில் பார்த்திருந்தார். கடைசி வரிசையில், தொப்பி போட்டுக்கொண்டு.

உண்மையில் படத்தைப் பார்க்கவில்லை. ஜனங்களைப் பார்த்தார்.

முன் வரிசையில் ஒருவர் பாப்கார்ன் எடுத்த கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் கை இறங்கவே இல்லை. தன் வாழ்நாளில் ஒரு மனிதனின் கையை அவ்வளவு வெறுத்ததில்லை என்று மகுடேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

யாராவது இருமினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார். ஒரு குழந்தை அழுதது. மனசுக்குள் குளிர்ந்தது.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் அம்மாகூட, திரையைப் பார்த்தபடியே அதைத் தட்டிக்கொடுத்தாள்.

இடைவேளையில் சேவியர் எங்கிருந்தோ வந்துவிட்டான். தொப்பியை மீறி அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். "சார்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சொல்லியிருந்தா நானே கூட்டிக்கிட்டு வந்திருப்பேனே சார்."

அவன் மரியாதையில்லாமல் நடந்துகொண்டிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"நல்லா வந்திருக்குடா," என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

*

"வித்தையைக் காட்டுங்க," என்று மறுநாள் மறுபடி மாடியேறி வந்து மணிமொழியிடம் கேட்டார். "மாணவனா வந்திருக்கேன்னு நினைச்சுக்குங்க."

"நினைச்சுக்கணுமா?"

"சரி. மாணவனாத்தான் வந்திருக்கேன்."

மணிமொழி சேவியரின் படத்திலிருந்து ஒரு காட்சியை ஓட்டினார்.

ஒரு வீடு. கொல்லைப்புறக் கதவு வழியாக ஒருவன் உள்ளே வந்து பீரோவுக்குப் பின்னால் நிற்கிறான். அவனை நமக்கு நன்றாகத் தெரிகிறது. பிறகு அந்த வீட்டுப் பெண் வருகிறாள். அவளுக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைத்து தோசை வார்க்கிறாள். தங்கச்சியோடு போனில் பேசுகிறாள். பட்டுப்புடவையில் எந்தக் கலர் எடுப்பது என்று பேச்சு. நடுவில் ஒரு முறை முகம் பார்க்கும் கண்ணாடியைக் கடந்து போகிறாள்.

மகுடேஸ்வரன் முன்னால் சாய்ந்தார்.

"கண்ணாடி. அது நான் சொல்லிக் கொடுத்தது."

"ஆமாம்."

"மியூசிக் போடாம விட்டிருக்கான். அதுவும் நான் சொன்னதுதான்."

"ஆமாம்."

"ஆளை ஓரமா நிறுத்தி நடுவுல காலியா விட்டிருக்கான். அதுவும் என்கிட்டப் படிச்சது."

"ஆமாம் சார்."

"அப்போ அவன்கிட்ட சொந்தமா என்னதான் இருக்கு?"

மணிமொழி யோசித்தார்.

"தோசை," என்றார்.

*

மறுநாள் மகுடேஸ்வரன் உற்சாகமாகப் படியேறி வந்தார். செருப்பைக் கழற்ற மறக்கவில்லை.

"விட்டுப்போனதை ஒரு நாள் பேட்ச் ஒர்க்கா எடுத்துச் சேர்த்தாப் போதும். என் ஹீரோயின் லாட்ஜ் ரூம்ல தனியா இருக்கா இல்லையா. கையில ஒரு எலக்ட்ரிக் அடுப்பு கொடுத்துடறேன். தோசை வேண்டாம், காப்பியடிச்சுட்டேன்னு பேசுவாங்க. உப்புமா."

மணிமொழி கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"உப்புமாவைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க சார்."

"பின்னே தோசையைப் பார்த்தா பயந்தாங்க?"

"போய்ட்டு நாளைக்கு வாங்க."

"வெள்ளிக்கிழமை வந்துடும் மேடம்."

"அதுக்கு முன்னாடி புதன்கிழமை வரும். வாங்க."

*

புதன்கிழமை காலை அவர் வந்தபோது மணிமொழி வெளி அறையில் நின்றிருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒலி கசியாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த, கனமான கதவு.

"உள்ளே வேலை ஓடுது. கொஞ்சம் உட்காருங்க."

மகுடேஸ்வரன் உட்கார்ந்தார். பேப்பரை எடுத்து ராசிபலன் படித்தார். ஏ.சி.யில் நல்ல குளிர். கீழேயிருந்து வடை பொரியும் வாசனை வந்தது. சிறிது நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிப்போனார்.

எழுந்தபோது மத்தியானம்.

"இன்னைக்கு அவ்வளவுதான்," என்றார் மணிமொழி.

"இதுக்கா வரச்சொன்னீங்க?"

"ஆமாம்."

*

வியாழக்கிழமை அதே அறை, அதே கதவு. மணிமொழி உள்ளேயிருந்து வந்து கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க சார். உள்ளே வேலை ஓடுது."

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க."

"ஆமாம். நான் கீழே போய் டீ சாப்பிட்டு வரேன்."

படி இறங்கப் போனவர் நின்றார்.

"சேவியர் இருக்கார் உள்ளே," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மகுடேஸ்வரன் உட்காரப் போனவர் உட்காரவில்லை.

கதவின் அருகே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பட்டையில் வேறு நிற நூலால் தையல் போட்ட செருப்பு. படப்பிடிப்பில் அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடிவந்த செருப்பு. ஜெயித்த பிறகும் புதிது வாங்கவில்லை. அதையும் ஒரு நடிப்பென்று நினைக்க அவரால் முடிந்தது.

பேப்பரை எடுத்தார். ராசிபலனில் முதல் வரியைப் படித்தார். மறுபடியும் முதல் வரியைப் படித்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவன் ஏன் இங்கே வரவேண்டும்? அவன் படம்தான் முடிந்து ஓடுகிறதே. அப்படியென்றால் எதை வெட்டுகிறான்?

எழுந்து கதவருகே போனார். காதை வைத்தார். பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. உள்ளங்கையைக் கதவில் வைத்தார்.

ஒரு அதிர்வு. தும். இடைவெளி. தும்.

அது அவருடைய மிருதங்கம். அவரே கேட்டுப் போடவைத்த இசை. உள்ளே ஓடுவது அவருடைய படம்.

கை அங்கேயே நின்றது. இப்போது படிக்கட்டு. இப்போது கரண்ட் போகிறது. இப்போது போன். உள்ளங்கை வழியாகவே தன் படத்தை அவரால் பார்க்க முடிந்தது. இத்தனை நாளில் ஒரு முறைகூட அவர் அதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

தும்.

நின்றுவிட்டது.

காட்சி முடியவில்லை. நடுவில் நிறுத்தியிருக்கிறான்.

ஏன் நிறுத்தினான்? சிரிக்கிறானா? சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறானா? போனில் குப்புராஜிடம் பேசுகிறானா? "பார்த்துட்டேன் சார், இதைத் தேத்திடலாம் சார்." அவன் குரலில் 'சார்' எப்படி விழும் என்று அவருக்குத் தெரியும். பணிவாக விழும். அந்தப் பணிவோடுதான் படத்தை வாங்கிக்கொள்வான்.

கழுத்தின் பின்பக்கம் வேர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே போய்விடலாம். கைப்பிடியைப் பிடித்தார். பித்தளை சில்லென்றிருந்தது. மெதுவாகத் திருப்பினார்.

பாதியில் நின்றார்.

திறந்தால் தெரிந்துவிடும்.

மெதுவாக, சத்தம் வராமல், கைப்பிடியைப் பழையபடி நேராக்கினார். போகவும் இல்லை. நின்றார்.

மறுபடி திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"பூட்டலையே சார்," என்றது பின்னால் ஒரு குரல்.

மணிமொழி பேப்பர் கப்போடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

மகுடேஸ்வரன் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என் படத்தைப் பார்க்கிறான்."

"ஆமாம்."

"ஒத்துக்கிட்டானா?"

"கதவுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கார். கேட்கலாமே."

அவர் கதவிலிருந்து ஓரடி பின்னால் வந்தார்.

"நேத்து இந்நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க சார்?"

"தூங்கினேன். நீங்கதான் பார்த்தீங்களே."

மணிமொழி டீயில் ஒரு வாய் குடித்தார்.

"நேத்தும் அவர்தான் உள்ளே இருந்தார். இதே படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்."

மகுடேஸ்வரன் அந்தச் செருப்பைப் பார்த்தார். நேற்றும் இங்கேதான் கிடந்திருக்கிறது. அதன் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்த் தூங்கியிருக்கிறார்.

மணிமொழி கதவைத் திறந்தார்.

*

சேவியர் நாற்காலியில் இல்லை.

அறையின் கடைசி மூலையில், சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதை அவன் பிடித்திருந்த விதம் தண்ணீர் குடிக்கிறவன் பிடிப்பதுபோல இல்லை.

திரையில் மகுடேஸ்வரனின் படம் உறைந்து நின்றது. லாட்ஜ் அறை. கைப்பிடி.

"நீங்கதானா சார்," என்றான் சேவியர். பாட்டிலைக் கீழே வைத்தான். உடனே மறுபடி எடுத்துக்கொண்டான்.

"நான்தான்னு தெரியாதா? மேடம் சொல்லலையா?"

"சொல்லிட்டுத்தான் போனாங்க. மகுடேஸ்வரன் சார் வந்துட்டார், வெளியே இருக்கார்னு."

"அப்புறம் என்னடா பயம்?"

சேவியர் மணிமொழியைப் பார்த்தான். மணிமொழி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னதால்தான் சார்," என்றான். "யாரோ நின்னா எனக்கென்ன. கதவுக்குக் கீழே உங்க ரெண்டு காலோட நிழல் தெரிஞ்சுது. வந்து நின்னுது. அசையலை. படத்தை நிறுத்தினேன். அப்பவும் போகலை. கைப்பிடி பாதி திரும்பிச்சு. நேராச்சு. மறுபடி திரும்பிச்சு."

"அடிப்பேன்னு நினைச்சியா?"

"அடிக்கிறதுன்னா தள்ளிக்கிட்டு வந்திருப்பீங்க. அதுக்கு நான் பயப்படலை. ஆறு வருஷம் வாங்கியிருக்கேன்." லேசாகச் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "நிக்கிறீங்க. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அதை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தியேட்டர்ல தினம் அத்தனை பேரைப் பயமுறுத்துறேன் சார். இப்படி ஒரு பயத்தை நான் எடுத்ததில்லை."

மகுடேஸ்வரன் தன் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையில் பித்தளையின் சில்லிப்பு இன்னும் இருந்தது.

கதவுக்கு வெளியே நின்றபோது, பயந்தது தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கதைகளில் பயப்படுகிறவர் எப்போதும் உள்ளே இருப்பவர். வெளியே நிற்பவனுக்கும் வேர்க்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

திரையைப் பார்த்தார். தன் படத்தில் அந்தக் கைப்பிடியைத் திருப்புகிறவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. கடைசி ரீலில் வைத்திருந்தார். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்துவைத்திருந்தார். ஒரு கறுப்புக் கையுறை திருப்புகிறது. காற்று திருப்பினாலும் அப்படித்தான் இருக்கும்.

மகுடேஸ்வரன் திரையின் அருகே போனார்.

"மேடம்," என்றார். "கதவுக்கு வெளிப்பக்கத்திலேர்ந்து எடுத்த ஷாட் ஏதாவது நம்மகிட்ட இருக்கா?"

"இருக்கு. அவன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. முகம் முழுசாத் தெரியுது, அதனால வேண்டாம்னு நீங்கதான் ஒதுக்கினீங்க."

"எவ்வளவு நேரம் நிக்கிறான்?"

"ரொம்ப நேரம். நீங்க 'கட்' சொல்ல மறந்துட்டீங்க. அந்த நடிகருக்கு என்ன பண்றதுன்னு தெரியலை, வேர்த்துப்போய் நிக்கிறார்."

"அதைப் போடுங்க. அவள் கைப்பிடி திரும்பறதைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே."

மணிமொழி கப்பை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகுடேஸ்வரன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

சேவியர் மூலையை விட்டு வந்தான். அவர் பின்னால், பழைய இடத்தில், பழைய தூரத்தில் நின்றான்.

"சார். குப்புராஜ் சார் காலையில மறுபடி கூப்பிட்டார். அவர்கிட்ட நான் என்ன சொன்னேன்னா..."

"சொல்லாதே."

"இல்லை சார், இவ்வளவு நாள் நீங்க அதுக்குத்தானே..."

"ஆமாம்," என்றார் மகுடேஸ்வரன். திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார்.

"இந்த சீன் முடியட்டும்."